முத்துக்கடை அருகே ஒரு சிறுநீர்ப்பைப் பரிசோதனை: கேள்விகள் அருமை, துண்டறிக்கை மோசம்

ராணிப்பேட்டை முத்துக்கடைப் பக்கம் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் ‘சிறுநீர்ப்பை முழுப் பரிசோதனை’ என்று 1,600 ரூபாய்க்கு ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அப்பாவை அழைத்துச் சென்றேன். அவர் தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் சாயப் பிரிவில் இருந்தவர். தூளை எடைபோட்டு டிரம்மில் கொட்டுவதுதான் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால், அன்றைய ஆர்டர் கறுப்பா பழுப்பா என்பது துண்டில் தெரிந்துவிடும்.

ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள். டோக்கன் பெயருக்குத்தான். அறுபதைத் தாண்டிய ஆண்கள் நாலைந்து பேர் உட்காரவும் முடியாமல் நடைபயின்றுகொண்டிருந்தார்கள்.

ஆனால் மருத்துவர் கேட்ட கேள்விகளுக்காகவே இந்த இடத்தைப் பாராட்டலாம். இப்போது என்ன வேலை என்பதோடு விடாமல், முப்பது ஆண்டுகளுக்கு முன் கையில் எந்தத் தூள் பட்டது, கையுறை கொடுத்தார்களா, சாப்பிடுமுன் எதைப் போட்டுக் கை கழுவினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பென்சிடின் என்ற வேதிப்பொருளிலிருந்து செய்த சாயங்கள் உடலுக்குள் போய்ச் சிறுநீரில் இறங்கும்போது சிறுநீர்ப்பையின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அதன் விளைவு வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். சாயத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டிகள் வருவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுத்விக் ரேன் 1895-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். இந்தியாவில் அந்தச் சாயங்களுக்குத் தடை வந்ததோ 1990-களில். அப்பா வேலைக்குச் சேர்ந்தது 1984. மருத்துவர் அப்பாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் வாங்கி, பயோகிளிட்டசோன் இருக்கிறதா என்று பார்த்தார். 2013-ல் சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, சிறுநீர்ப்பைப் புற்று பற்றிய எச்சரிக்கையோடு மீண்டும் விற்பனைக்கு வந்த மருந்து அது.

வெளியே வரும்போது கொடுத்த துண்டறிக்கையில்தான் ஏமாற்றம். சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் காரணங்களாகக் காரம், ஊறுகாய், குரோமியம் கலந்த நிலத்தடி நீர் என்று வரிசையாக எழுதிவிட்டு, புகையிலையை ஏழாவதாகப் போட்டிருக்கிறார்கள். குரோமியக் கழிவுக் குவியலைப் பார்த்து வளர்ந்த ஊரில் அந்த அச்சம் இயல்புதான். ஆனால் குரோமியத்துக்கு உறுதியாக நிறுவப்பட்ட தொடர்பு நுரையீரல் புற்றோடுதான். குடிநீர் வழியாகச் சிறுநீர்ப்பையைப் பாதிப்பதாக நிறுவப்பட்டிருப்பது ஆர்சனிக். புகைப்பவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு, இந்நோயில் கிட்டத்தட்ட பாதிக்குக் காரணமே புகைதான் என்னும்போது, பீடிக்கு முதல் வரி கொடுக்காத தாளை என்னவென்று சொல்வது?

இன்னொரு குறை, அறிக்கையில் ‘நார்மல்’ என்று மட்டும் அடித்துக் கொடுத்தது. சிறிய கட்டி ஸ்கேனில் தப்பிவிடும். உறுதி செய்ய உள்நோக்குக் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். இதை மருத்துவர் வாயால் சொன்னார், தாளில் இல்லை. தொந்தரவு எதுவும் இல்லாத எல்லாருக்கும் இப்படிப்பட்ட பரிசோதனை தேவையும் இல்லை. வரவேற்பு மேசையிலோ குடும்பத்துக்கே சலுகை என்கிறார்கள்.

அப்பாவோடு அதே டிரம்மில் வேலை பார்த்த ஒருவர், வலியே இல்லாமல் இரண்டு முறை சிறுநீர் சிவப்பாகப் போனதை உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துச் சமாளித்திருக்கிறார். அவருக்கும் இங்கே பதிவு செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம், நேராகச் சிறுநீரியல் மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள் என்று அந்த மருத்துவரே திருப்பி அனுப்பினார்.