பயணத்துக்குச் சுவாஹிலி: லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் ஒலிப்பாடம் எவ்வளவு உதவும்?

தான்சானியாவுக்கோ கென்யாவுக்கோ போகவிருப்பவர்கள் சுவாஹிலி கற்க வழி கேட்டால், படமும் சொல்லும் காட்டி மதிப்பெண் போடும் செயலிகளையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மிஹாலிஸ் எலெஃப்தெரியு தொடங்கிய இத்திட்டத்தில் சுவாஹிலிக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய ஒலிப்பாடங்கள் உள்ளன. கட்டணம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் பேசிக்கொள்வதை நாம் கேட்கிறோம். ஆசிரியர் கேள்வி கேட்டதும் பதிவை நிறுத்தி, மாணவர் விடை சொல்வதற்கு முன் நாமே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். குறிப்பெடுப்பதோ மனப்பாடம் செய்வதோ கூடாது என்பது இம்முறையின் நிபந்தனை. நிறுத்தாமல் வானொலி கேட்பதுபோல் ஓடவிட்டால் காதில் விழுமே தவிர நாவில் ஏறாது.

சுவாஹிலி வினைச்சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, மீண்டும் நம்மையே கோக்க வைப்பதில்தான் இப்பாடத்தின் பலம் இருக்கிறது. 'சோமா' என்றால் படி. 'நினாசோமா' என்றால் படிக்கிறேன். நடுவிலுள்ள 'னா'வை எடுத்துவிட்டு 'லி' வைத்தால் 'நிலிசோமா', அதாவது படித்தேன். 'டா' வைத்தால் படிப்பேன். 'வாலிசோமா' என்பது 'படித்தார்கள்'. தமிழில் பகுதி, இடைநிலை, விகுதி என்ற வரிசையில் வருவது அங்கே அப்படியே தலைகீழாக, ஆளைக் குறிக்கும் உறுப்பு முதலிலும் காலம் காட்டுவது நடுவிலும் வினைப்பகுதி கடைசியிலுமாக நிற்கிறது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவருக்கும் இது சில நிமிடங்களில் பிடிபடும். ஆனால் பாடம் ஆங்கிலத்தில், ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து அமைந்திருப்பதால், நமக்கு எளிதான இடங்களில் அது மெதுவாகவே நகர்கிறது. ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளத் தயங்குபவர்களுக்கு இது ஏற்றதல்ல.

அந்த நிதானம் பயன்படுவது பெயர்ச்சொல் வகுப்புகளில், அதாவது சொல்லின் முன்னொட்டை வைத்துப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் குழுக்களில். 'கிடாபு' ஒரு புத்தகம், 'விடாபு' பல புத்தகங்கள். 'நல்ல' என்ற அடையும் கூடவே 'கிஸூரி', 'விஸூரி' என்று மாறும். அடைமொழி மாறாத மொழியிலிருந்து போகும் நமக்கு இது புதுப் பழக்கம். பயணிக்கு இதில் முழுத் தேர்ச்சி தேவையில்லை. தவறாகச் சொன்னாலும் கடைக்காரர் புரிந்துகொள்வார்.

செவிவழிக் கல்வி என்பதே தமிழருக்குத் தனி நன்மை. ஒரு சுவாஹிலிச் சொல்லை 'பாபா' என்று தமிழில் எழுதினால் அது தந்தையா சுறாமீனா என்று தெரியாது. தந்தைக்குக் குரல்நாண் அதிர்ந்து வரும் ஒலி (b), சுறாவுக்கு அதிராத ஒலி (p). தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிப்பவர்கள் இங்கேதான் இடறுவார்கள். ரோமன் எழுத்தில் அம்மொழி எழுதியபடியே ஒலிக்கிறது, அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழுகிறது என்ற இரண்டையும் நினைவில் வைத்தால் உச்சரிப்பில் பெரிய சிக்கல் இல்லை.

எனினும் வாக்கியம் கட்டத் தெரிவதும் ஊரில் பேசத் தெரிவதும் ஒன்றல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில் முகமன் சொல்லாமல் நேரே விலை கேட்பது மரியாதைக் குறைவு. 'ஹபாரி' என்று நலம் கேட்டு, 'ன்ஸூரி' என்ற விடை வந்த பிறகே 'பெய் கானி' என்று விலைக்குப் போக வேண்டும். வயதில் மூத்தவரிடம் 'ஷிகமூ' என்பது முறை. அவர் 'மரஹபா' என்பார். இளைஞர்களிடையே புழங்கும் 'மாம்போ'வைப் பெரியவரிடம் சொல்லக் கூடாது. அதேபோல, 'தேநீர் வேண்டும்' என்ற பொருளில் 'நடாக்கா சாய்' என்பது இலக்கணப்படி சரி, ஆனால் தான்சானியர் காதுக்குச் சற்று முரட்டுத்தனமாக ஒலிக்கும். கேட்டுக்கொள்கிறேன் என்ற பொருள்தரும் 'நவோம்பா சாய்' என்பதே பண்பான வழக்கு. இத்தகைய வழக்குகளை ஒரு தாளில் தனியே எழுதி நெட்டுரு செய்வதே நல்லது. மனப்பாடம் கூடாது என்ற நிபந்தனையை இங்கே மீறலாம்.

மணிக்கணக்கையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவாஹிலிக் கணக்கில் நாள் விடியலில் தொடங்குவதால் 'சா மோஜா', சொல்லளவில் ஒரு மணி, நம் காலை 7 மணி. பேருந்து 'சா ம்பிலி அசுபுஹி'க்குப் புறப்படும் என்று நடத்துநர் சொன்னால் காலை 8 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ஆறு மணி நேர வேறுபாட்டை மறந்தால் பேருந்து போய்விடும்.

எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்தும் இப்பாடத்தின் மதிப்பு மாறும். நைரோபியில் ஆங்கிலம் போதும். தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் சுவாஹிலியும் ஆங்கிலமும் பிற மொழிகளும் கலந்த ஷெங். தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் சுவாஹிலி வழியில் நடப்பதால், உள்ளூர்ச் சந்தையிலும் டாலாடாலா சிற்றுந்திலும் அந்த மொழிதான் உதவும். பொதுச் சுவாஹிலிக்கு அடிப்படையான கிஉங்குஜா வழக்கு சான்சிபாருக்கே உரியது என்பதால், அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் கற்ற மொழியை அதன் சொந்த ஊரிலேயே கேட்கலாம்.

அடுத்த வாரம் விமானம் ஏறுகிறவர் இதைத் தொடங்க வேண்டாம். முகமன், எண்கள், மணி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மாத அவகாசம் உள்ளவர் அந்தத் தாளோடு முதல் முப்பது, நாற்பது பாடங்களைப் பொறுமையாக முடித்தாலே போதும். எஞ்சியவற்றைத் திரும்பி வந்தும் கேட்கலாம்.