அம்மா இருக்கும் இல்லத்தில் 23 நாள்

கோவை விமான நிலையத்திலிருந்து நேராக அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போனேன். கையைப் பிடிப்பதற்கு முன்பே போர்வையை விலக்கி அவருடைய குதிகாலைத் தொட்டுப் பார்த்தேன். “வந்ததும் வராததுமாகக் காலில் விழுகிறாயா கண்ணு?” என்று அம்மா சிரித்தார். குதிகால் குளிர்ந்து, மெத்தென்று இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தபோது அம்மா வேறோர் இல்லத்தில் இருந்தார். பளபளவென்று தரை, வாசலில் பிள்ளையார், வரவேற்பறையில் ஏசி. அம்மாவை ஒருக்களித்துப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் போய்ச் சதை தெரிந்தது. எப்போது தொடங்கியது என்று கேட்டேன். பகலில் பார்த்துக்கொள்ளும் பெண், தான் வேலைக்குச் சேர்ந்தே 9 நாள்தான் ஆகிறது என்றாள். கட்டணம் வசூலிக்கும் மேலாளர், சென்னையிலிருந்து உரிமையாளர் வரட்டும் என்றார். எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. அங்கே கொடுமைக்காரர்கள் யாரும் இல்லை. அந்தப் புண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று ஒருவரும் இல்லை, அதுதான் கொடுமை. அந்த வாரமே அம்மாவை இங்கே மாற்றினேன். புண் ஆற 4 மாதம் பிடித்தது.

எனக்கு இது தொழிலும்கூட. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் துணை மேலாளராக இருக்கிறேன். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் குடலிறக்க அறுவையும் நடக்கும் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அந்தச் சொல், செவிலியரின் துணையோடு முதியவர்கள் கடைசிவரை வாழும் வீட்டைக் குறிக்கிறது. அப்படி ஒரு வீட்டுக்கு நம்மிடம் தனிப் பெயர்கூட இன்னும் அமையவில்லை. முதியோர் இல்லம் என்ற ஒரே சொல்லில், நடமாடும் தாத்தாவும் படுத்த படுக்கையான பாட்டியும் சேர்ந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் 2009 முதல் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற ஆணையம் இந்த இல்லங்களை மேற்பார்வையிடுகிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார்கள். பாதுகாப்பு உண்டா, பராமரிப்பு பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, அவரவர் தேவைக்கு ஈடுகொடுக்கிறார்களா, நிர்வாகம் சரியாக நடக்கிறதா என்று 5 கேள்விகள். என் அனுபவத்தில் கடைசிக் கேள்வி தேறாத இடத்தில் மற்ற நான்கும் நெடுநாள் நிற்பதில்லை. அதனால்தான் மேலாளரும் தன் சொந்தப் பெயரில் அந்த ஆணையத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். கிடைத்த தர மதிப்பீட்டை வருகிறவர்கள் கண்ணில் படும்படி இல்லத்தில் மாட்டியாக வேண்டும், அது மோசமாக இருந்தாலும்.

கோவை இல்லத்தில் இவற்றையெல்லாம் ஒரு பெண்மணி தன் பழக்கத்தாலேயே செய்துகொண்டிருக்கிறார். அரசு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘பெரிய சிஸ்டர்’. காலை ஆறரைக்கு, இரவு ஆட்கள் கிளம்புவதற்கு முன் வந்துவிடுவார். முதலில் இரவுக் குறிப்பு நோட்டைப் படிப்பார். பிறகு படுக்கை படுக்கையாகப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். படுக்கைப் புண் சிவப்பில் தொடங்கும், விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு மறையாது என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். நம் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சூடாக இருக்கிறதா, இறுகிப் போயிருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். சேர்ந்து 3 வாரமே ஆன பெண்ணின் கையைப் பிடித்து, அம்மாவின் இடுப்பெலும்பின் மேல் வைத்து, “இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்று போல இருக்கிறதா, சொல்” என்று அவர் கேட்டதை நின்று பார்த்தேன். அந்தப் பெண் அம்மாவை அம்மாயி என்றுதான் கூப்பிடுகிறாள்.

குறையே இல்லையா என்றால், இருந்தது. பதினோராம் நாள் பகல் 12 மணிக்கு, கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டவணையைப் புரட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்ததைக் குறிக்கும் தாள் அது. முந்தைய இரவின் 6 கட்டங்களிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்ட டிக். எனக்கு வயிறு கலங்கியது. பெரிய சிஸ்டரிடம் காட்டினேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சரியாகத்தான் சொல்கிறாய் அம்மா. இன்று இரவு நான் இருந்து பார்க்கிறேன்” என்றார்.

இருந்தார். 14 படுக்கைகளுக்கு இரவில் ஒரே ஆள். அவர்களில் 6 பேர் தாமாகத் திரும்ப முடியாதவர்கள். மறதி நோயுள்ள பெரியவர் ஒருவர் ஒரு மணிக்கு எழுந்து கதவைத் தட்டத் தொடங்கினால் மூன்று மணி வரை அவரோடுதான் சரியாக இருக்கும். இரவு வேலைப் பெண் பொய் டிக் போட்டது தவறு. ஆனால் செய்யவே முடியாத வேலையைக் கொடுத்துவிட்டுத் தாளை மட்டும் கேட்டது நிர்வாகம். மறுநாள் அவளைத் தனியே உட்காரவைத்து, “செய்ய முடியாததைச் செய்யவில்லை என்றே எழுது. வெற்றுக் கட்டத்துக்காக உன்னைத் திட்ட மாட்டேன்” என்றார் பெரிய சிஸ்டர். பிறகு உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். “இரவுக்கு இன்னொரு ஆள் தருகிறீர்களா, இல்லை 4 படுக்கைகளைக் குறைத்துக்கொள்ளலாமா?” அவர் குரல் உயரவே இல்லை. நான்கு நாளில் ஆள் வந்தது.

எல்லா இல்லத்திலும் இப்படி ஒருவர் வாய்ப்பாரா? அதுதான் என் கவலை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற அது வழி செய்கிறது. ஆதரவற்ற மூத்தோர் 150 பேராவது தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாவது அமைப்பது பற்றியும் பேசுகிறது. 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது, முறையிடலாம். ஆனால் பேச்சுத் தவறிப்போன ஒரு மூதாட்டி எந்த எண்ணுக்கு அழைப்பார்? சொல்லாமல் கொள்ளாமல் வந்து அட்டவணையைப் புரட்டும் ஒரு வெளிக்கண் நம் இல்லங்களுக்கும் வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

ஊருக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாலை 4 மணிக்குப் பழக்கூடையோடு போகாதீர்கள். காலை ஆறரைக்கு, ஆள் மாறும் நேரத்தில் போய் நில்லுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், கடைசியாக யார் கீழே விழுந்தார், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். யாருமே விழுந்ததில்லை என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. பெரிய சிஸ்டர் என்னிடம் 3 பேரின் கதையைச் சொல்லி, குளியலறையில் பிறகு பொருத்திய கைப்பிடியையும் காட்டினார்.

லெஸ்டர் திரும்பி ஐந்தாம் நாள், விடியற்காலை இரண்டே முக்காலுக்கு அலைபேசி ஒளிர்ந்தது. கோவையில் மணி எட்டேகால். பெரிய சிஸ்டரின் செய்தி. “இடது குதிகால் லேசாகச் சூடு. இரவு 2 மணிக்கே பார்த்து எழுதியிருக்கிறாள். தலையணை கொடுத்துக் காலைத் தூக்கிவைத்திருக்கிறோம். 11 மணிக்கு டாக்டர் பார்ப்பார். அம்மா இட்லி சாப்பிட்டாயிற்று.” கூடவே அட்டவணையின் படம். இரண்டு மணிக் கட்டத்தில் டிக் இல்லை, கோணல் எழுத்தில் ஒரு முழு வரி இருந்தது.