வாளி மண்ணா, கண்ணாடிச் சீவலா?

லண்டன் நகருக்கு அடியில், ரோமானியர் கால அடுக்குக்கும் இடைக்கால அடுக்குக்கும் நடுவே கன்னங்கரேலென்று ஒரு மண் கிடக்கிறது. 'கறுப்பு மண்' என்றே அதற்குப் பெயர். பார்வைக்குத் தோட்ட மண் மாதிரி ஒரே சீராக இருக்கும். சரி, இதிலிருந்து பழைய கதையை எப்படி எடுப்பது?

வாளியில் அள்ளி நீரில் அலசுவது ஒரு வழி. கரிந்த தானியம் மிதந்து வரும். மீன் முள்ளும் எலும்புத் துணுக்கும் சல்லடையில் தங்கும். அங்கிருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அறிய இதுதான் வழி. ஆனால் அள்ளிய நொடியே எது மேலே, எது கீழே இருந்தது என்பது கலைந்துபோகும்.

இன்னொரு வழி நுண்ணோக்கி. சிறு தகரப் பெட்டியைக் குழியின் சுவரில் அழுத்தி, மண்ணைக் குலையாமல் பெயர்த்தெடுக்கிறார்கள். பிசின் ஊற்றி இறுகவைத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மி.மீ. கனமுள்ள சீவலாகத் தேய்க்கிறார்கள். அப்புறம் பாருங்கள்! வெந்த களிமண் பூச்சு, சுண்ணச் சாந்துத் துணுக்கு, கரித்துகள், மண்புழு விட்ட எச்சம் எல்லாம் கிடந்த இடத்திலேயே தெரியும். ரிச்சர்ட் மாக்ஃபெயில் போன்ற ஆய்வாளர்கள் இப்படிப் பார்த்துத்தான், மரமும் களிமண்ணுமாய் நின்ற வீடுகள் மக்கி, புழுக்கள் கிளறிவிட்டு, இந்த மண்ணில் கலந்திருப்பதைக் காட்டினார்கள்.

பிசின் இறுக வாரக்கணக்கில் ஆகும். ஒரு சீவலில் தெரிவதும் சில சென்டிமீட்டர்தான். இருந்தாலும் கறுப்பு மண்ணுக்கு என் ஓட்டு இதற்கே. குப்பைக்குழி என்றால் யோசிக்காமல் வாளியை எடுங்கள்.