வயலை அளக்க நாடாவா, கைபேசியா?

கிளிநொச்சிப் பக்கம் உழவுக்கும் வெட்டுக்கும் கூலியை ஏக்கர் கணக்கில் பேசுவதே வழக்கம். காணி அனுமதிப்பத்திரத்தில் இரண்டு ஏக்கர் என்று இருக்கலாம். வாய்க்காலுக்கும் வரம்புக்கும் போனது போக விதைத்தது எவ்வளவு என்பதில்தான் இயந்திரக்காரருக்கும் கமக்காரருக்கும் மனக்கசப்பு வருகிறது. மழை குறைந்த சிறுபோக விதைப்பில் இது இன்னும் கூடும். இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தே விதைப்பின் அளவு முடிவாகிறது. பங்காகக் கிடைக்கும் துண்டு சிறிதாக இருந்தால் சில பேர்ச் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு ஒரு பேர்ச்) பிசகும் கையைக் கடிக்கும். இந்தக் காரணத்தால்தான் நான் அளவு நாடாவை விட்டு, கைபேசியில் பரப்பளவு காட்டும் செயலிக்கு மாறினேன். இப்போது பெரும்பாலும் அதன் பக்கமே நிற்கிறேன்.

நாடாவைக் குறை சொல்ல முடியாது. நான்கு மூலையும் நேராக உள்ள வயலில் அதைவிடத் துல்லியம் வேறில்லை. ஆனால் எங்கள் வரம்புகள் வாய்க்காலோடு சேர்ந்து வளைபவை. வளைந்த வயலை முக்கோணங்களாகப் பிரித்தால்தான் நாடாவால் அளக்கலாம். அதற்கு நடு வயலுக்குள் குறுக்கே இழுக்க வேண்டும். கதிர் முற்றி நிற்கும் வயலில் அதற்கு யார் மனம் வைப்பார்? கைபேசிக்கு வரம்பைச் சுற்றி ஒரு நடை போதும். சுற்றி முடித்த இடத்தில் ஏக்கர் கணக்கு திரையில் வந்துவிடும். இயந்திரக்காரரும் கூடவே நடந்து பார்க்கலாம்.

அளப்பதற்கென்றே விற்கும் ஜிபிஎஸ் (செய்மதி வழியாக இடம் காட்டும்) கருவியும் இருக்கிறது. இரவல் வாங்கிக் கொஞ்சம் பாவித்திருக்கிறேன். வெட்டவெளி வயலில் கைபேசிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பாலை, வீரை மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டோரத்தில் அந்தக் கருவி உறுதியாக நிற்பதுபோல் தோன்றியது. அதற்கு மேல் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் போதாது.

இனி முக்கியமான விடயம்: ஓரம். திறந்த வானத்தின் கீழ்க் கைபேசி காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீற்றர் வரை பிசகலாம். இதைக் கேட்டதும் பலர் கைபேசி அளவையே ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பிசகு சில நிமிடங்களுக்குள் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே இருக்கும். வயல் முழுவதும் ஐந்து மீற்றர் கிழக்கே தள்ளிப் பதிவானாலும் அதன் பரப்பளவு மாறாது. ஆகவே நிற்காமல் ஒரே மூச்சில் சுற்றி முடிப்பது நல்லது. நடுவில் யாரோடாவது கதைக்க நின்றால் புள்ளிகள் அங்குமிங்கும் அலைந்து கோடு கலைந்துபோகும்.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் செய்மதியல்ல, நம் கால்தான். ஒரு ஏக்கர் 160 பேர்ச். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 254 மீற்றர். நெல் நிற்கும் ஓரத்தை விட்டு ஒரு மீற்றர் வெளியே வரம்பில் நடந்தால் சுமார் 10 பேர்ச் கூடிவிடும். யாழ்ப்பாணத்தில் காணி அளக்கும் ‘பரப்பு’ என்ற கணக்கில் அது முழுதாக ஒன்று. கால் ஏக்கரில் அதே ஒரு மீற்றர் 5 பேர்ச்சைக் கூட்டும், அதாவது எட்டில் ஒரு பங்கு. இருபது மீற்றர் அகலத்தில் நீண்டு கிடக்கும் ஒரு ஏக்கரிலோ பதினேழு பேர்ச்சைத் தாண்டும். துண்டு சிறுக்கச் சிறுக்க, நீள நீள, ஓரமே முழுக் கணக்கையும் ஆளுகிறது. அதனால் வரம்பின் நடுவிலா, உள் ஓரத்திலா நடப்பது என்று முதலே பேசி முடிவெடுங்கள். பிறகு எதிர்த்திசையில் இன்னொரு சுற்று நடந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் நம்பலாம். அகன்ற வரம்புள்ள சிறு துண்டுக்கு நான் இன்னமும் நாடாவையே எடுப்பேன்.

நடக்காமல், செய்மதிப் படத்தில் மூலைகளைத் தொட்டும் அளக்கலாம். படம் எடுத்த பிறகு வரம்பு மாறியிருந்தால் பயனில்லை. படம் இறங்க இணைய இணைப்பும் வேண்டும். நடந்து அளப்பதற்கு அந்த இணைப்புத் தேவையில்லை. ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து நேரே தரும் சைகையே போதும். இணைப்பு இல்லாதபோது முதல் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம், பொறுத்திருக்க வேண்டும். ஆனால் வயல் பற்றைக்காட்டோடு முட்டும் பக்கத்தில் படத்தில் தொடுவதே மேல். முகமாலைப் பக்கம்போலக் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட மண் இது. அளவு சரியாக வரவேண்டும் என்று எச்சரிக்கைப் பலகை நட்ட இடத்துக்குள் ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

இவையெல்லாம் கூலிக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் போதுமான அளவுகள். எல்லைத் தகராறுக்குக் கைபேசிக் கணக்கைக் கொண்டுபோனால் அது எடுபடாது; அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளரைத்தான் கூப்பிட வேண்டும்.