கிரிக்கெட் பேட்டை ஏலம் விட மேடையா, ஆன்லைனா?

கையெழுத்துப் போட்ட பேட், ஜெர்சி, தொப்பி என்று நல்ல காரியத்துக்காக நாலு பொருள் கைக்கு வந்துவிட்டால், விருந்து வைத்து மேடையில் ஏலம் விடுவதா, ஆன்லைனில் விடுவதா என்ற பேச்சு உடனே தொடங்கிவிடும். எங்கள் குழு ஆன்லைனைத்தான் எடுத்தது. மறுபடி நடத்தினாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

மேடை ஏலத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் ஏற ஏற, பக்கத்து மேஜைக்காரர் விடக்கூடாது என்று நினைப்பார், தொகை தானாக ஏறும். 2011 உலகக் கோப்பை இறுதியில் தோனி கடைசி சிக்ஸரை அடித்த பேட், அதே ஆண்டு லண்டனில் நடந்த ஒரு நிதி திரட்டும் விருந்தில்தான் 1,00,000 பவுண்டுக்குப் போனது. ஆனால் மண்டப வாடகை, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதுதான் நன்கொடை. அதோடு, ஏலம் கேட்பவர்கள் அந்த அறையில் இருப்பவர்கள் மட்டும்தான்.

ஆன்லைனில் அந்த வேலி கிடையாது. 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் தன் டெஸ்ட் தொப்பியைக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக இணைய ஏலத்துக்கு விட்டபோது 10,07,500 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது, வாங்கியது காமன்வெல்த் வங்கி. அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்து வீரர் ஜோஸ் பட்லர் 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் போட்டிருந்த சட்டையை இபேயில் விட்டார். 65,100 பவுண்டு கிடைத்து, லண்டனில் இரண்டு மருத்துவமனைகளுக்கான அறக்கட்டளைக்குப் போனது. ஊரடங்கு நேரத்தில் எந்த மண்டபத்திலும் அதை விட்டிருக்க முடியாது.

இனி என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: கேட்ட தொகை கைக்கு வருமா? மேடையில் ஆளின் முகம் தெரியும், கையோடு காசோலை வாங்கிவிடலாம். ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் பெரிய எண்ணைத் தட்டிவிட்டுக் காணாமல் போகலாம். அதே 2020-ல் முஷ்ஃபிகுர் ரஹீம், வங்கதேசத்தின் முதல் டெஸ்ட் இரட்டைச் சதத்தை அடித்த பேட்டை கொரோனா நிவாரணத்துக்காக ஏலம் விட்டபோது போலிக் கேட்புகள் குவிந்து எல்லாம் குழம்பிப் போனது. கடைசியில் பாகிஸ்தானின் முன்னாள் வீரர் ஷாகித் அப்ரிடியின் அறக்கட்டளை 20,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கொண்டது. போலியாகக் கேட்பவர் பணம் தராததோடு போவதில்லை, அவர் ஏற்றிவிட்ட எண்ணைப் பார்த்து நிஜமாக வாங்க வந்தவரும் விலகிவிடுகிறார். சேதம் அங்கேதான்.

அதனால் நாங்கள் கதவை முன்னாலேயே இறுக்கினோம். அடையாளமும் தொலைபேசி எண்ணும் சரிபார்த்து, திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டிய பிறகுதான் யாரும் கேட்கலாம். கடைசி நிமிடங்களில் யாராவது ஏற்றினால் நேரம் கொஞ்சம் நீளும், இல்லாவிட்டால் முடிகிற நொடியில் தட்டிப் பறிப்பவருக்குத்தான் லாபம். ஜெயித்தவர் கெடுவுக்குள் கட்டாவிட்டால் பொருள் இரண்டாவது ஆளுக்கு, அவர் கேட்ட தொகைக்கே. இதனால் கேட்பவர்கள் குறைவார்கள், உண்மைதான். இருப்பவர்கள் எல்லாம் நிஜமான ஆட்கள், எனக்கு அது போதும்.

தூரத்தில் இருப்பவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பது நியாயமான குறை. பேட்டின் முகத்தில் பந்து பட்ட சிவப்புத் தழும்புகள், விளிம்பில் ஒட்டிய டேப், பிடியின் கிழிசல் எல்லாவற்றையும் கிட்டத்தில் படமெடுத்து, ஆட்டத்தின்போது எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்தால் சந்தேகம் பெருமளவு தீரும். வீரர் கையெழுத்துப் போடும் படமும் அவரது கடிதமும் இருந்தால் இன்னும் நல்லது.

மிக அரிய ஒரே ஒரு பொருளும், அதை வாங்கக்கூடிய நாலைந்து பணக்காரர்களும் ஒரே அறையில் என்றால் மேடை ஜெயிக்கலாம். அப்படி ஒன்றை நான் நடத்தியதில்லை, விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்ததோடு சரி. அப்புறம் குலுக்கல் சீட்டு: பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும், சிறிய பொருட்களுக்கு மட்டும் யோசியுங்கள்.

எந்த வழியில் போனாலும், அனுப்பும் செலவும் காப்பீடும் யார் பொறுப்பு என்பதை ஏலம் தொடங்கும் முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள்.