திறமூலத்துக்குத் தரும் பணம்: தணிக்கைக்கா, சன்மானத்துக்கா, சம்பளத்துக்கா?

ஒரு நிறுவனம் தான் நம்பியிருக்கும் திறமூல மென்பொருளின் (நிரலை எவரும் படித்துத் திருத்தக்கூடிய மென்பொருளின்) பாதுகாப்புக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியாட்களை அமர்த்தி நிரலைத் தணிக்கை செய்யலாம். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குச் சன்மானம் அறிவிக்கலாம். அல்லது அந்த மென்பொருளை ஏற்கெனவே பராமரித்துவருபவருக்கே மாதச் சம்பளம் கொடுக்கலாம். மூன்றும் பாதுகாப்பு என்ற ஒரே தலைப்பின்கீழ் கணக்கில் எழுதப்படுகின்றன. நடந்த சம்பவங்களைப் பார்த்தால், மூன்றும் வாங்கித் தருவது மூன்று வேறு பொருள்கள்.

பணம் கொடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது தணிக்கைதான். இத்தனை நாளில் முடியும் என்று தெரியும், கடைசியில் கையில் ஓர் அறிக்கையும் கிடைக்கும். ட்ரூகிரிப்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்யும் அந்த மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் பெயரையே வெளியிடாதவர்கள். அமெரிக்க உளவுத்துறையின் ரகசியங்களை ஸ்னோடன் வெளியிட்ட 2013இல், உள்ளே பின்கதவு (யாரோ ரகசியமாக நுழைய வைத்த வழி) இருக்குமோ என்ற சந்தேகம் வலுத்தது. பாதுகாப்பு வல்லுநர்களான மேத்யூ கிரீன், கென் வைட் இருவரும் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தணிக்கைக்கு ஏற்பாடு செய்தார்கள். முதல் கட்ட அறிக்கை 2014 ஏப்ரலில் வந்தது. மே மாதமே, இதைப் பயன்படுத்துவது பாதுகாப்பல்ல என்று ஓர் அறிவிப்பை வைத்துவிட்டு, எழுதியவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். 2015 ஏப்ரலில் இரண்டாம் கட்ட அறிக்கை பின்கதவு எதுவும் இல்லை என்றது. அதில் சுட்டிய குறைகளைத் திருத்த, மூலத் திட்டத்தில் ஆளில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்ஷா, அதன் விண்டோஸ் டிரைவரில் தணிக்கையில் தப்பிய இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். தணிக்கையாளர்களைக் குறை சொல்ல முடியாது. குறித்த பதிப்பை, குறித்த நாட்களுக்குள் பார்ப்பதுதான் அவர்கள் ஏற்ற வேலை. அதே நிரலிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட் 2016இல் தணிக்கைக்கு உள்ளானபோது, கண்டறிந்த கடுமையான குறைகளில் பெரும்பாலானவை அடுத்த பதிப்பிலேயே சரிசெய்யப்பட்டன. அறிக்கையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து திருத்த அங்கே ஆள் இருந்தார்.

சன்மானத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். இணையம்வழி தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறமூலத் திட்டம், ஓட்டை சொல்பவருக்கு 2019இல் பரிசு கொடுக்கத் தொடங்கியது. உண்மையான ஓட்டைகள் பல அப்படித்தான் வெளிவந்தன. பிறகு செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த போலிப் புகார்கள் குவிந்தன. பார்வைக்கு ஒழுங்கான அறிக்கை. படித்துப் போனால், கர்லில் இல்லவே இல்லாத ஒரு செயற்கூறில் ஓட்டை இருப்பதாகச் சொல்லும். அனுப்புகிறவருக்கு ஒரு நிமிடம், பொய் என்று உறுதிசெய்பவருக்கு அரைநாள். கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். 2026 ஜனவரியோடு பரிசே நிறுத்தப்பட்டது. புகார்களைப் படித்துப் பிரிக்கச் சம்பள ஆள் இல்லாத இடத்தில் சன்மானம் அறிவிப்பது, பராமரிப்பாளரின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதுதான்.

இனி சம்பளம். ஹார்ட்பிளீட் ஓட்டை உலகுக்குத் தெரிந்தது 2014 ஏப்ரல் 7 அன்று. இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில்தான் அது இருந்தது. அதில் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க ஒரு வசதி உண்டு: நான் ஒரு செய்தி அனுப்புகிறேன், அதன் நீளம் இவ்வளவு, அப்படியே திருப்பி அனுப்பு என்று கேட்கலாம். ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வர் அதை நம்பியது. மீதியைத் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததிலிருந்து எடுத்து நிரப்பி அனுப்பியது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சில வரிகள் போதும், அவை இல்லை. அந்த நிரல் 2011 டிசம்பர் 31 இரவு சேர்க்கப்பட்டது. உலகின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்தத் திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்.

அதன் பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான் உள்ளிட்டவை ஆண்டுக்குத் தலா 1 லட்சம் டாலர் என்று மூன்றாண்டுகளுக்கு ஒப்புக்கொண்டன. அதிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர ஊழியர்கள் இருவருக்குப் பணம் வந்தது. தணிக்கை தொடங்கியது 2015இல். முதலில் ஆள், பிறகு தணிக்கை என்ற இந்த வரிசையே சரி என்பது என் கட்சி. (பொறுமையிழந்த ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழு, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரெஎஸ்எஸ்எல் என்று தனியே பிரிந்து, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை வெட்டியெறிந்தது. கோபத்துக்கும் பயன் உண்டு.)

சம்பளக் கட்சிக்குக் கடினமான சோதனை, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூல மென்பொருள். அதன் பராமரிப்பாளர் இதைச் சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று 2022லேயே சொல்லியிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக உதவி, பொறுப்பைப் பெற்று, 2024 பிப்ரவரியில் பின்கதவை நுழைத்தார். பொதுவில் இருந்த மூலநிரலை மட்டும் தணிக்கை செய்திருந்தால் அது சிக்கியிருக்காது: அதைத் தூண்டும் வரிகள் பயனர்களுக்குத் தரும் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன, பின்கதவின் நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. சன்மானம் தேடியும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி, பின்கதவு குறிவைத்ததும் இதைத்தான்) வழியே உள்நுழைய அரை நொடி கூடுதலாகப் பிடிப்பது கண்ணில் பட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய் மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அவர் மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு திறமூல வேலை செய்பவர்.

ஆனால் 2023இல் யாராவது எக்ஸ்இசட்டுக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்து, அதிகம் உழைப்பது யார் என்று மாற்றங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால்? பணம் ஜியா டானுக்கே போயிருக்கவும் கூடும். ஆகவே சம்பளம் ஒருவருக்கு மட்டும் என்றிருக்கக் கூடாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கும்படி இரண்டு பேருக்காவது வேண்டும். வெளியீட்டுத் தொகுப்பு பொதுவில் உள்ள நிரலிலிருந்துதான் உருவானதா என்று எவரும் சரிபார்க்க வழி செய்வதும் அந்த வேலையிலேயே சேர்த்தி. 2022இல் ஜெர்மனி அரசு தொடங்கிய சாவரின் டெக் ஃபண்ட் இப்படித்தான் பராமரிப்பு வேலைக்கே நேரடியாகப் பணம் தருகிறது. 2023இல் லினக்ஸ் கணினிகளின் திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு 10 லட்சம் யூரோ ஒதுக்கியது.

தணிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அறிக்கையில் வரும் குறைகளைத் திருத்த யாருக்கு, எத்தனை மாதத்துக்குப் பணம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தணிக்கையைப் பாதியாகச் சுருக்கி, மீதியை அங்கே மாற்றிவிடுங்கள்.