ஆல்ப்ஸ் மலைக்குடில்களில் எட்டுக் கோடை: ஒரு பாட்டில் தண்ணீரின் கணக்கு

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ஆஸ்திரியாவில் ஓல்பெரர் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தொங்குபாலத்தின் படத்தை எங்கோ பார்த்திருக்கிறார். "அடுத்த கோடையில் குடில் விட்டுக் குடில் நடக்கலாம்னு இருக்கேன். ஆல்பைன் சங்கத்துல உறுப்பினரா சேரணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். மலைப்பாதைகளில் நடப்பவர்கள் இரவு தங்கிச் சாப்பிடும் விடுதிகள்தான் இந்தக் குடில்கள்; பலவற்றை ஆல்பைன் சங்கங்கள் என்னும் மலையேற்றச் சங்கங்கள் நடத்துகின்றன. அவர் கேட்டதற்குப் பதில் ஒரே வார்த்தைதான். ஆனால் பேச்சு தண்ணீருக்குப் போய்விட்டது, முக்கால் மணி நேரம் திரும்பவே இல்லை. போனை வைத்த பிறகும் மனசு ஆறாததால் இங்கே எழுதுகிறேன்.

2017இல் தொடங்கியது. மியூனிக்கில் வேலை, காலையில் ரயில் ஏறினால் மாலையில் ஒரு குடிலின் வாசலில் ஷூவைக் கழற்றிவிடலாம். நடந்த நெடும்பாதைகள்: ஆஸ்திரியாவின் ஸில்லர்தாலில் பெர்லினர் ஹோஹென்வெக், ஸ்டூபாய் சுற்று, ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபிலிருந்து இத்தாலியின் மெரானுக்குப் போகும் இ5, மோன் பிளாங் சுற்று, இத்தாலியின் டோலமைட் மலைகளில் ஆல்ட்டா வியா 1, அப்புறம் ஸ்விட்சர்லாந்தின் வாலிஸ், பெர்ன் பக்கத்து உயரமான குடில்கள். எல்லாம் சேர்த்து அறுபது இரவுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும், படுக்க மெல்லிய துணி உறை கொண்டுபோக வேண்டும், குறட்டைக்குக் காதடைப்பான் வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். மூட்டைப்பூச்சி பயத்தில் சில குடில்களில் நம் படுக்கை உறையை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். முதல் தடவை திடுக்கிட்டேன், இப்போது நானே கேட்டு வைக்கிறேன். இவை எதுவும் எனக்குக் குறையே இல்லை.

என் குறை தண்ணீர்.

மூன்றாம் வருடம், வாலிஸில் ஒரு குடில். பெயர் வேண்டாம். ஆகஸ்ட் வெயிலில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏற்றம். கொண்டுபோன இரண்டு லிட்டர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். மேஜைக்குப் பின்னால் நின்றவர் விலைப்பலகையைக் காட்டினார். ஒன்றரை லிட்டர் பாட்டில் 12 ஃபிராங்க். குழாயில் வரும் தண்ணீர்? அதன் மேலே சின்னப் பலகை: குவளையின் குறுக்கே சிவப்புக் கோடு, குடிக்கக் கூடாது. நான் காசைக் கொடுத்தேன். அன்று இரவு ஜன்னலோரப் படுக்கை. விடிய விடிய பனியாற்றுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு ஃபிராங்க் எனக்கு முடியாத தொகை இல்லை. சுட்டது வேறு. எங்கள் பாட்டி வீட்டில் உச்சிவெயிலில் யார் வந்தாலும், வந்த காரியம் என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒரு செம்பு தண்ணீர் கைக்கு வந்துவிடும். கொடுத்த பிறகுதான் "உட்காருங்க" என்பார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, 2,900 மீட்டர் உயரத்தில் களைத்து வந்தவனிடம் முதலில் விலைப்பலகையைக் காட்டியது நெஞ்சில் குத்தியது. இன்றைக்கும் அது முழுதாக ஆறவில்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். சாலை இல்லாத உயரக் குடில்கள் பலவற்றுக்கு மாவும் பீரும் பாட்டில் தண்ணீரும் ஹெலிகாப்டரில்தான் வருகின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஹெலிகாப்டரில் கிலோவுக்குத்தான் காசு. பக்கத்திலேயே பனியாறு இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் உருகுநீர் பாறை மாவு கலந்து பால் போலக் கலங்கி ஓடுகிறது. ஜெர்மனில் அதற்குப் பெயரே பனியாற்றுப் பால். பரிசோதனை செய்து தேறாத தண்ணீரை விடுதிக்காரர் குடிநீர் என்று சொல்லிக் கொடுக்க முடியாது, அதனால்தான் அந்தப் பலகை. ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்டே ரோஸா குடிலைப் பாருங்கள். 2,883 மீட்டரில், சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வடிவமைத்து 2009இல் திறந்த கட்டடம், பார்த்தால் ஒரு படிகக் கல் மாதிரி மின்னும். அங்கேயே வருடத்தில் சில மாதம்தான் உருகுநீர் கிடைக்கிறது. அதைக் குடிலுக்கு மேலே பாறையைக் குடைந்து செய்த 2 லட்சம் லிட்டர் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கு விடுகிறார்கள்.

அந்தப் பனியும் எத்தனை நாளைக்கு? ஸ்விட்சர்லாந்தின் அலெட்ச் பனியாற்றின் நடுவே கொன்கோர்டியா குடிலுக்கு வழிகாட்டியோடு கயிறு கட்டிக்கொண்டு போனேன். அங்கே முதல் குடில் 1877இல் வந்தது, பனியாற்றின் விளிம்புக்குச் சற்று மேலே. இன்று பனியிலிருந்து கரையேறிய பிறகு, செங்குத்துப் பாறையில் அடித்து நிறுத்திய இரும்புப் படிகள் நானூறுக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. படிக்கட்டில் அங்கங்கே பலகை வைத்து, எந்த வருடம் பனி எந்த மட்டத்தில் இருந்தது என்று குறித்திருக்கிறார்கள். மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம் அந்தப் பலகைகள்தான். 2022, 2023 என்ற இரண்டே வருடத்தில் ஸ்விஸ் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. குறைந்த பனி பெய்த குளிர்காலத்துக்குப் பின் ஆகஸ்ட் கடைசியில் குடில்காரர் ஒவ்வொரு வாளிக்கும் கணக்குப் பார்ப்பதில் தப்பு சொல்ல முடியாது. குளிக்கும் அறையைப் பூட்டி வைத்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நண்பர் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: கால் வைக்கப்போகிற மலை எந்தக் கல்? வழிகாட்டிப் புத்தகங்களில் தூரமும் ஏற்றமும் முதல் வரியில் இருக்கும், கல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஸில்லர்தால், ஸ்டூபாய், ஓட்ஸ்தால் போன்ற நடு ஆல்ப்ஸ் மலைகள் கெட்டியான படிகப் பாறை. மழையும் உருகுநீரும் மேலேயே ஓடும், திரும்பின பக்கமெல்லாம் ஓடை. பெர்லினர் ஹோஹென்வெக்கில் ஒன்றரை லிட்டருக்கு மேல் நான் சுமந்ததே இல்லை. சின்ன வடிகட்டி ஒன்று போதும், அதுவும் மேலே ஆடுமாடு மேய்கிற இடங்களில்தான் தேவைப்படும். சுண்ணாம்புக்கல் மலை அப்படி இல்லை. பெய்த மழை வெடிப்புகளில் இறங்கி உள்ளே போய்விடும், வழியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஜெர்மனியில் பெர்ஷ்டெஸ்காடன் பக்கம் ஒரு பீடபூமிக்கு ஷ்டைனர்னெஸ் மேர், அதாவது கற்கடல் என்று பெயர். ஆஸ்திரியாவில் இன்னொரு சுண்ணாம்பு மலைக்கு டோட்டெஸ் கெபிர்கெ, செத்த மலை என்றே பெயர். பெயர் வைத்தவன் தாகத்தோடு நடந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கற்கடலில் மூன்று லிட்டர் இல்லாமல் காலை எடுத்து வைக்காதீர்கள். டோலமைட்டும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆல்ட்டா வியா 1இல் 2,752 மீட்டரில் இருக்கும் லகட்சுவோய் குடிலின் மொட்டைமாடியில் நின்று பார்த்த அந்தி மாதிரி வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அன்று பகல் முழுக்கக் கண்ணில் பட்ட தண்ணீர் என் பாட்டிலில் இருந்தது மட்டும்தான்.

மோன் பிளாங் சுற்றில் இந்தக் கவலையே இல்லை. 170 கிலோமீட்டர், மூன்று நாடு, மொத்தம் பத்தாயிரம் மீட்டர் ஏற்றம். ஆனால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஊர், ஊருக்கு ஊர் மரத்தொட்டியிலோ கல்தொட்டியிலோ குழாய் கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே சண்டை படுக்கைக்குத்தான். மாதக்கணக்கில் முன்னாடியே பதிவு செய்யாமல் ஜூலை, ஆகஸ்டில் போய் நிற்காதீர்கள்.

என் கோபம் கொஞ்சம் தளர்ந்தது ஓர் அக்டோபரில். குடில்காரர் பருவம் முடிந்து இறங்கிப் போன பிறகும் பல குடில்களில் ஒரு சின்ன அறையைத் திறந்து வைத்திருப்பார்கள். குளிர்கால அறை என்று பெயர். அடுப்பு, விறகு, பாத்திரம், போர்வை, காசு போட ஒரு பெட்டி. நான்கு பேர் போயிருந்தோம். குழாயை மூடியிருந்தார்கள், ஓடை உறைந்திருந்தது. பெரிய அலுமினியப் பானையில் பனியை அள்ளி அடுப்பில் வைத்தேன். விளிம்பு வரை அழுத்தி நிரப்பிய பானை, உருகினால் அடியில் நாலு விரல் தண்ணீர். மறுபடி வெளியே, மறுபடி ஒரு பானை. அடியில் கொஞ்சம் தண்ணீர் இல்லாமல் வெறும் பனியை வைத்தால் பாத்திரம் தீய்ந்து தண்ணீரில் கருகல் வாடை ஏறும் என்பதை அன்றுதான் கற்றேன். முதல் பானை முழுக்க அந்த வாடை. நாலு பேர் குடிக்க, சமைக்க, மறுநாள் பாட்டில் நிரப்ப எட்டு லிட்டர் சேர்ப்பதற்குள் கூடை விறகு தீர்ந்து, மணி ஒன்பதரை ஆகிவிட்டது. கை விரலெல்லாம் விறைத்துப் போயிற்று. அந்த எட்டு லிட்டரை யாராவது கேட்டிருந்தால் நான் என்ன விலை சொல்லியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அப்புறம் மார்ஷ்டே. நடைத் தேநீர். எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் சிகரமும் இல்லை, சூரிய உதயமும் இல்லை, இதுதான். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தால், பெரும்பாலான ஸ்விஸ் குடில்களில் விடியற்காலையில் வாசல் பக்கம் ஒரு பெரிய எவர்சில்வர் பானையோ குழாய் வைத்த பாத்திரமோ வைத்திருப்பார்கள். உள்ளே வெதுவெதுப்பான தேநீர், பாலில்லாமல், லேசான எலுமிச்சை அல்லது பழ வாசனையோடு, சில இடத்தில் சர்க்கரையும் போட்டு. வேண்டிய அளவு பாட்டிலில் நிரப்பிக்கொள்ளலாம், யாரும் காசு கேட்பதில்லை. முன்தினம் 12 ஃபிராங்க் வாங்கிய அதே குடிலிலும் அது இருந்தது. அதிகாலை நாலரை, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வரிசை. குடில்கார அம்மா தூக்கக் கண்ணோடு அகப்பையை எடுத்து என் பாட்டிலில் ஊற்றினார். நிரம்பியதும் என் கையில் இருந்த இரண்டாவது பாட்டிலைப் பார்த்து, கேட்காமலே அதையும் வாங்கி நிரப்பினார். மூடியை இறுக்கி, வெளியே வழிந்ததைத் தன் ஏப்ரனில் துடைத்து, என் கையில் கொடுத்தார். பாட்டில் சூடு கையுறை வழியாகத் தெரிந்தது. பதினொரு மணிக்குக் கணவாயில் உட்கார்ந்து குடித்தபோதும் அதில் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது.

அதே வீட்டில் தண்ணீருக்கு விலை, தேநீருக்கு இல்லை. எனக்கு இன்னும் கணக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் கேட்பேன்: பாட்டில் விலையை இன்னும் ஒரு ஃபிராங்க் கூட ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் வாசலில் வந்து நிற்பவருக்கு முதல் டம்ளரைச் சும்மா கொடுங்கள். ஒரு டம்ளர் போதும். ஹெலிகாப்டர் கணக்கு அதில் மூழ்கிவிடாது.

நண்பர் கேட்டதற்குப் பதில்: சேருங்கள், இந்த மாதமே. உறுப்பினர் அட்டை இருந்தால் ஜெர்மன், ஆஸ்திரிய சங்கங்களின் குடில்களில் ஓர் இரவுக்குக் குறைந்தது பத்து யூரோவாவது மிச்சம். பெர்லினர் ஹோஹென்வெக் ஒன்றை நடந்தாலே சந்தாவில் பெரும்பகுதி திரும்பிவிடும். மீட்புச் செலவுக்குக் காப்பீடும் சேர்ந்து வருகிறது. உறுப்பினர்களுக்கு விலை குறைந்த மலையேறிச் சாப்பாடு ஒன்று உண்டு. வெந்நீர் வாங்கி நம் சொந்தத் தேயிலையைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் உண்டு. நான் எப்போதும் ஒரு பொட்டலம் தேயிலையும் நாலு ஏலக்காயும் கொண்டுபோவேன்.

ஸ்விட்சர்லாந்தின் உயரக் குடில்களுக்கு முதல் வருடமே போகாதீர்கள். இதைக் கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஸில்லர்தாலில் தொடங்குங்கள். நான் மட்டும் வரும் ஜூலையில் கொன்கோர்டியாவுக்கே திரும்பப் போகிறேன், பதிவும் செய்தாகிவிட்டது. நீங்களும் கூட வருவதாக இருந்தால் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அகலவாய் பாட்டிலாக இருக்கட்டும், குறுகலான வாயில் அகப்பையால் ஊற்றினால் பாதி கீழே போய்விடும்.